அந்தோனியார் கூடும் ஒரு கோப்ரலும்

தம்பிமாரே,

கையில் பூசிய எண்ணெய் இன்னும் காயாத புதுக் குருக்களாகிய உங்களுக்கு 'பணித்தளத்தில் முடிவெடுத்தல்' பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஓய்வுக் குருக்கள் இல்லத்தில் சாய்மனைக் கதிரையில் நிம்மதியாகக் கிடந்தவனைப் பிடித்துக் கேட்டால் இதுதான் கிடைக்கும். நான் எடுத்த நல்ல முடிவுகளில் பாதி, நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் தானாக நடந்தவை. மற்றப் பாதியைப் பற்றி ஆயர் இல்லத்தில் விசாரியுங்கள், நான் சொல்லமாட்டேன்.

பூசை வைக்கவும் பிரசங்கம் செய்யவும் குருமடத்தில் படிப்பித்திருப்பார்கள். கூடு தூக்குவதைப் பற்றிப் படிப்பித்திருக்க மாட்டார்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கடைசியாக நான் பங்குத்தந்தையாக இருந்தது வலிகாமத்தின் வடக்குக் கரையில் ஒரு சிறிய மீன்பிடிப் பங்கில். பெயர் வேண்டாம், அங்கே எல்லாரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கோபமும் கெதியில் வரும். பங்கின் எல்லையில் ஒரு படைமுகாம். அதில் கத்தோலிக்கச் சிப்பாய்கள் கொஞ்சப் பேர் இருந்தார்கள். சிங்களம் ஓரளவு தெரிந்த குரு என்பதால், ஞாயிறு பின்னேரங்களில் அவர்களுக்குப் பூசை வைத்து அவர்களுடைய நல்லது கெட்டதைப் பார்க்கும் பொறுப்பையும் ஆயர் என் தலையில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து சனம் எனக்கு 'ஆமிச் சுவாமியார்' என்று பெயர் வைத்தது.

"காலமை எங்களுக்கு, பின்னேரம் முகாமிலை அவைக்கு. நடுவிலை சுவாமிக்குத் திண்ட சோறு செமிக்குமோ?" என்று செபமாலைக் குழுத் தலைவி ரெஜினாக்கா முகத்துக்கு நேரே கேட்பார். செமித்தது. கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்தது, முகாமில் அதற்குப் பதிலாக இரண்டு பிளாஸ்டிக் கதிரை. மற்றபடி இரண்டு இடத்திலும் கேட்ட பாவங்கள் அச்சொட்டாக ஒன்றுதான். இதற்குமேல் என்னிடம் பிடுங்காதீர்கள்.

அந்தப் பங்கின் பாதுகாவலர் அந்தோனியார். சோளகக் காற்று அடிக்கிற ஆனி மாதத்தில் திருவிழா. அன்று பின்னேரம் அந்தோனியாரின் சுருவத்தை, அதாவது சிலையை, மரக் கூட்டில் நிற்கவைத்து, பூச்சோடித்து, தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றிக் கடற்கரைக்குப் போய் வருவார்கள். வேறு இடங்களில் கூட்டைச் சில்லு வைத்து உருட்டுகிறார்கள். எங்கள் ஆட்களிடம் அந்தக் கதையை எடுத்தால் போதும், குரு என்றும் பார்க்கமாட்டார்கள்.

கூட்டுக்குக் கீழே நீளமான இரண்டு தண்டுகள். ஒவ்வொரு தண்டின் முனையிலும் இருவர். ஒருவர் தண்டுக்கு இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம், நடுவில் தண்டு. அந்த இரண்டு பேருடைய தோளும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். ஒருவர் கொஞ்சம் கட்டை என்றாலும் பாரம் முழுவதும் நெட்டையன் கழுத்தில் விழும், அந்தோனியார் குடித்தவர்போலச் சரிந்து நிற்பார். ஆகவே திருவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம் கோயில் முற்றத்தில் வைத்துத் தூக்குகிறவர்களை அளப்பார்கள். ஒரு பழைய துடுப்பில் ஒவ்வொரு சோடிக்கும் ஒரு வெட்டு இருக்கும். தோள் அந்த வெட்டுக்கு வரவேண்டும். கனடாவிலிருந்து நேர்த்தி வைத்துவிட்டு விமானம் ஏறி வந்தவனையும் அளப்பார்கள். பொருந்தாவிட்டால் கூட்டுக்குப் பக்கத்தில் குடை பிடிக்கவேண்டியதுதான். இந்த அளவையில் பங்குத்தந்தைக்குக்கூடச் சலுகை இல்லை. நான் ஒருமுறை ஆசைப்பட்டுப் போய் நின்றேன், குடைதான் கிடைத்தது.

அளக்கிறவர் மரியதாஸ். சம்மாட்டி, சொந்தமாக இரண்டு வள்ளம். ஆள் பனை உயரம், பேச்சு குறைவு. இடது தண்டின் முன்முனை பரம்பரையாக அவருடைய வீட்டுக்குரியது. முன்பெல்லாம் அவரும் அவருடைய தம்பியும் சோடியாக நின்றார்கள். கடைசிச் சண்டையின்போது வன்னியில் இருந்த தம்பி திரும்பி வரவில்லை, ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பிறகு அந்த உயரத்துக்கு ஊரில் ஆள் இல்லாததால், சில்வெஸ்டர் என்று ஒருவர் தோளில் சாக்கை மடித்து வைத்து உயரத்தைச் சரிக்கட்டி அந்த இடத்தில் நின்றார். ஒவ்வொரு திருவிழா முடியவும் கழுத்தைத் திருப்பமுடியாமல் இரண்டு நாள் நேரே பார்த்துக்கொண்டு திரிவார்.

இப்படியான ஊரில்தான் என் உதவிக்குரு ஒரு காரியம் செய்தார்.

தங்கமான பொடியன். யார் எதைக் கேட்டாலும் 'ஓம்' என்றுவிடுவார். முகாமில் நிஷாந்த என்று நெட்டையான ஒரு கோப்ரல் இருந்தார். நீர்கொழும்புப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம், தாய்வழியில் தமிழும் வரும். அவருடைய மகள் மாதம் நிறையாமல் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில் மனிசனுக்கு லீவு கிடைக்கவில்லை. காவலுக்கு நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரிவது எங்கள் கோயில் கோபுரம் மட்டும். அதைப் பார்த்து, 'அந்தோனியாரே, பிள்ளையைத் தாரும், உம்மைத் தோளில் தூக்குகிறேன்' என்று நேர்ந்துவிட்டார். பிள்ளை பிழைத்தது. வரப்போகிற திருவிழா முடிந்த கையோடு இவருக்குத் தெற்கே மாற்றம் என்று உத்தரவும் வந்துவிட்டது. ஒருநாள் நான் இல்லாத நேரம் உதவிக்குருவிடம் வந்து கேட்டிருக்கிறார். அவரும் வழக்கம்போல, "ஓம், வாங்கோ, கூடு எல்லாருக்கும் பொதுத்தானே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தம்பிமாரே, திருச்சபையில் எல்லாம் எல்லாருக்கும் பொதுத்தான். ஆனால் அதை ஊரிடம் கேட்காமல் சொல்லக்கூடாது.

நான் முதலில் சட்டத்தைப் பிடித்தேன். தனிப்பட்ட நேர்த்தியை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. கோப்ரலைக் கூப்பிட்டு, நேர்த்தியை நவநாள் செபமாக மாற்றித் தருகிறேன் என்றேன். பாவம், முகம் வெளிறிவிட்டது.

"ஃபாதர், நீங்க மாத்தலாம். ஆனா நான் சொன்னது உங்களுக்கு இல்லையே. அந்தோனியாருக்குத்தானே சொன்னது. அவர் பிள்ளையைப் பாதியா தரல்லையே."

கரையோரத்துச் சனத்துக்கு நேர்த்தி என்றால் விளையாட்டு இல்லை. பிள்ளைக்கு நாளை ஒரு காய்ச்சல் வந்தாலும் இந்த மனிசன் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டு சாகும்வரை திரிவார் என்பது எனக்கு விளங்கியது. குருமடத்தில் படித்த இறையியல் எல்லாம் அந்த முகத்துக்கு முன்னால் உதவவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்தநாள் காலையிலேயே கூடு தூக்குகிறவர்கள் எல்லாரும் நான் குடியிருக்கும் அறைவீட்டு வாசலில். ஊரில் செய்தி போகிற வேகத்துக்கு ஒரு வலையமைப்பும் ஈடில்லை.

நான் உதவிக்குருவாக இருந்த காலத்தில் என் பங்குத்தந்தை எனக்கு ஒரு வித்தை சொல்லித் தந்திருந்தார். சனம் கோபத்தோடு வந்தால் முதலில் கதிரையை இழுத்துப் போடு, நின்றுகொண்டு கத்துகிற மாதிரி இருந்துகொண்டு கத்தமுடியாது என்பார். அன்று அறைவீட்டில் கதிரை போதவில்லை. "கோயிலுக்குள்ளை இருந்து வாங்கைத் தூக்கிக்கொண்டு வாங்கோ" என்றேன். வந்த கோபக்காரர்களே போய், ஐந்து பேர் இருக்கக்கூடிய நீள வாங்குகளைத் தூக்கி வந்தார்கள். வாசற்படியில் திருப்பும்போது ஒன்று முட்டுப்பட்டது. 'அங்காலை பிடி, இஞ்சாலை சரி' என்று ஆளையாள் ஏசிக்கொண்டு உள்ளே கொண்டுவந்து வைத்து முடிய அரைவாசிக் கோபம் இறங்கிவிட்டது. குடிக்கப் பிளேன்ரீ வந்ததும் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

மரியதாஸின் கோபம் மட்டும் இறங்கவில்லை. அவர் வாங்கில் இருக்கவுமில்லை.

"சுவாமி, ஒண்டு கேக்கிறன். என்ரை தம்பி நிண்ட இடத்திலை ஆமிக்காரன் நிக்கிறதோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மன்னிப்பைப் பற்றி என்னிடம் தயாராக மூன்று பிரசங்கம் இருந்தது. வாய்வரை வந்த முதலாவதை விழுங்கினேன். இன்றைக்கும் அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். தம்பியை இழந்தவருக்கு, ஒன்றையும் இழக்காத நான் மன்னிப்பைப் பற்றிப் படிப்பிப்பது வெட்கக்கேடு.

"எனக்குத் தெரியேல்லை, மரியதாஸ்," என்றேன். "வரவேண்டாம் எண்டு சொல்லவும் எனக்கு மனம் வரேல்லை, வரத்தான் வேணும் எண்டு உமக்குக் கட்டளை போடவும் வரேல்லை. நேர்த்திக்காரன் ஆராயிருந்தாலும் அளந்து பாக்கிறது உங்கடை முறை. நீர்தானே அளக்கிறனீர். அளந்துபோட்டு நீரே சொல்லும். நீர் சொல்லுறதுதான் முடிவு."

"நான் மாட்டன் எண்டால்?"

"மாட்டன் எண்டால் மாட்டன்தான். நான் ஒருசொல்லும் கதைக்க மாட்டன்."

அவர் பிளேன்ரீயைத் தொடாமல் போய்விட்டார். உதவிக்குரு பின்னாலிருந்து, "சுவாமி, அவர் ஓம் எண்டு சொல்லுவாரோ?" என்று மெல்லக் கேட்டார். "உம்மைப்போல எல்லாரும் லேசிலை ஓம் எண்டு சொல்லமாட்டினம்," என்றேன்.

இனி முகாம் பக்கம். கோப்ரல் சீருடையில்லாமல், வாகனமில்லாமல், ஆயுதமில்லாமல், தனியாக வர அனுமதி வேண்டும் என்று கட்டளை அதிகாரியிடம் போனேன். அவர் பௌத்தர், நல்ல மனிசர். விஷயத்தைக் கேட்டதும் பெரிய சந்தோஷம். ஒரு கோப்ரல் எதற்கு, இருபது பலசாலிகளை அனுப்புகிறேன், உங்கள் சனம் ஏன் கஷ்டப்படவேண்டும், ஊரைச் சுற்றி அரைமணித்தியாலத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள் என்றார். பாண்ட் வாத்தியமும் உண்டாம். வெளிச்சம் கட்டிய உழவு இயந்திரமும் தருவாராம்.

இந்த உபகாரம் மட்டும் நடந்தால் நான் அடுத்த படகில் நெடுந்தீவுக்குப் போய்விட வேண்டியதுதான். ஆனால் உபகாரத்தோடு வருகிறவரைப் புண்படுத்தவும் முடியாது. மெல்லச் சொன்னேன், ஐயா, எங்கள் ஆட்கள் கொடுக்கிற காணிக்கையே அந்தக் கஷ்டம்தான், அதை நீங்கள் எடுத்துவிட்டால் அவர்களிடம் கொடுக்க ஒன்றுமிராது என்று. "புண்ணியத்துக்குக் கூலியாள் வைக்கமுடியாது, அப்படித்தானே?" என்று கேட்டு அதிகாரி சிரித்தார். என் பிரசங்கங்களில் ஒன்றுகூட அவ்வளவு சுருக்கமாக வந்ததில்லை. கோப்ரலுக்கு மட்டும் அனுமதி தந்தார்.

ஆனாலும் மனிசருக்குக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் கதவைத் திறந்தால், முகாமிலிருந்து கோயில்வரை றோட்டோரக் கல்லெல்லாம் சுண்ணாம்பு பூசி வெள்ளை வெளேரென்று நிரையாக நிற்கிறது. தென்னைமரங்களுக்கும் இடுப்புவரை வெள்ளை.

ரெஜினாக்கா கல்லுகளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "சுவாமி, இனி எங்களையும் நிரையா நிக்கவைச்சு இடுப்புமட்டும் வெள்ளை அடிப்பினமோ?"

சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு உண்மையான கோபம். எங்கள் கோயிலையும் முகாமாக்கிவிட்டார்கள் என்று இரண்டு பேர் கத்தினார்கள். நான் இளைஞர் மன்றத்தைக் கூப்பிட்டு ஒன்றுவிட்டு ஒரு கல்லுக்கு நீலம் அடிக்கச் சொன்னேன். மாதாவின் நிறம். அதோடு கல்லுகள் ஞானஸ்நானம் பெற்றுவிட்டன, ஊரும் அடங்கியது. அதிகாரியும் அந்த வழியால் போனபோது வடிவாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

திருவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம் வந்தது. கோயில் முற்றத்தில் வழமையைவிட மூன்று மடங்கு சனம். அளவை பார்க்க அல்ல, மரியதாஸைப் பார்க்க. கோப்ரல் சாரமும் வெள்ளைச் சேட்டுமாய், வெறுங்காலோடு தனியாக நடந்து வந்தார். ஒருவரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் வந்து நிரையின் கடைசியில் நின்றார்.

மரியதாஸ் ஒவ்வொருவராக அளந்தார். குடைக்குப் போகிறவர்கள் குடைக்குப் போனார்கள். கடைசியில் கோப்ரல். ஆள் நல்ல உயரம். கீழே இருந்த வெட்டு எதற்கும் அவர் பொருந்தமாட்டார் என்பது அளக்காமலே தெரிந்தது. மிச்சமிருந்தது மேலே இருந்த ஒரே வெட்டு, மரியதாஸின் சோடிக்குரிய வெட்டு.

மரியதாஸ் துடுப்பை நிமிர்த்தி அவருடைய தோளோடு வைத்தார். குனிந்து பார்த்தார். துடுப்பை எடுத்துவிட்டு, நிலத்தில் காலால் மண்ணைச் சமப்படுத்தி, மறுபடி வைத்தார். ஒரு சொல் போதும், 'பொருந்தாது' என்று. பக்கத்தில் போய் எட்டிப் பார்க்க ஒருவரும் துணியமாட்டார்கள். ஊர் முழுவதும் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும், நானும் வாக்குக் கொடுத்தபடி பேசாமல் இருந்திருப்பேன். உதவிக்குரு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஏதாவது சொல்லவேண்டும் என்று நாக்கு துடித்தது. அந்தச் சில கணங்கள் பேசாமல் நின்றதுதான் என் குருத்துவ வாழ்வில் நான் செய்த மிகக் கடினமான வேலை.

சில்வெஸ்டருக்குத்தான் பொறுக்கவில்லை. "அண்ணை, சரியெண்டால் சரியெண்டு சொல்லு. என்ரை கழுத்துக்கும் ஒரு நேர்த்தி இருக்கு," என்றார்.

அங்கங்கே சிரிப்பு வெடித்தது. மரியதாஸ் சிரிக்கவில்லை. துடுப்பைக் கீழே வைத்தார்.

"பொருந்துது," என்றார். பிறகு கோப்ரலைப் பார்த்து, "நாளைக்கு நேரத்தோடை வாரும். வயித்தை நிறைச்சுக்கொண்டு வரவேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மனிசனை நான் அன்று நேசித்ததுபோல வேறு யாரையும் என் பங்குகளில் நேசித்ததில்லை. தனக்குப் பிடிக்காத ஆளைத் தள்ளிவைக்கக்கூட அளவைப் பொய்யாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

அடுத்தநாள் கூடு எழும்பியது. கவனியுங்கள், கூடு ஊரைச் சுற்றும் சுற்றுப்பிரகாரத்தில் குரு முன்னுக்குப் போகவேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. குரு திரும்பிப் பார்த்தால் ஏதோ பிழை நடந்துவிட்டதென்று சனம் கலையும். பின்னால் என்ன நடக்கிறது என்று அறிய எனக்கு உயிர் போனது. ஆனாலும் செபமாலையைச் சொல்லிக்கொண்டு நேரே பார்த்தபடி நடந்தேன். சோளகக் காற்று மெழுகுதிரி எல்லாவற்றையும் அணைத்தது. பாட்டுக்காரர் சுருதி தப்பினார்கள், அது ஒவ்வொரு வருடமும் நடப்பது. கூடு மட்டும் அசையாமல் வருவதைப் பின்னால் வந்த காலடிச் சத்தத்திலேயே உணர்ந்தேன். கோப்ரலும் கூடு தூக்கிப் பழகிய ஊரில் பிறந்தவர்தானே.

கடற்கரை மணலில் கால் புதையத் தொடங்கியதும் தூக்குகிறவர்கள் மூச்சு வாங்கினார்கள். அங்கேதான் எனக்குப் பின்னால் இரண்டு குரல் கேட்டது. ஒரு கேள்வி, ஒரு சின்னப் பதில். என்ன சொல் என்று அலைச் சத்தத்தில் விளங்கவில்லை. சண்டையோ என்று பயந்தேன். ஆனால் கூடு நிற்கவில்லை. நான் வள்ளங்களை ஆசீர்வதித்து முடிய, அந்தோனியாரைச் சரியாமல் கோயிலுக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். அவ்வளவு நேராக அவர் நின்று பல வருடம் என்று ரெஜினாக்கா எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

கோப்ரல் மகளின் படத்தைச் சுருவத்தின் காலடியில் கொஞ்சநேரம் வைத்து அழுதுவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனார். சனம் மாட்டிறைச்சிக் கறியும் பாணும் சாப்பிடப் போய்விட்டது. மரியதாஸ் கோயிற்படியில் தனியாக இருந்து தோளைத் தடவிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். குருவென்றாலும் எனக்கும் ஆவல் உண்டு.

"கரையிலை ரெண்டுபேரும் என்ன கதைச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லை, சுவாமி. 'அண்ணை, தோள் நோகுதோ' எண்டு கேட்டான்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"நோகுது எண்டன்."

நான் இன்னும் ஏதாவது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"தம்பி எங்கை எண்டு முதல் ஆமிக்காரங்கள் என்னைக் கேட்டாங்கள், சுவாமி. பிறகு நான் அவங்களைக் கேட்டுக்கொண்டு முகாம் முகாமாத் திரிஞ்சன். இவ்வளவு காலத்திலை நோகுதோ எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை. உவன்தான் கேட்டான்."